பத்தொன்பதாம் நம்பர்

முந்தின நாள் கல்யாணத்துச் சாம்பார் தரையோடு காய்ந்து ஒட்டியிருந்தது. தருமபுரத்து மண்டபத்தில் பங்கஜவல்லி விடியற்காலையிலிருந்து அதைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். நேற்று ஏழு மணிக்குப் பிறகு தண்ணீர் தவிர வயிற்றில் ஒன்றும் இறங்கவில்லை. நாற்பத்தைந்து தாண்டிய பெண்களுக்கு இன்று இதே மண்டபத்தில் இலவசச் சர்க்கரைப் பரிசோதனை. பத்தொன்பதாம் நம்பர் சீட்டை முந்தானையில் முடிந்துவைத்திருந்தாள்.

தீட்டு நின்று இரண்டு வருஷம். அதிலிருந்து இடுப்பு பருக்கிறது, பாதம் மரத்துப்போகிறது. அவள் அக்காவுக்கும் இப்படித்தான் தொடங்கியது; கடைசியில் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். தனக்கும் இருக்கிறதா என்று தெரிந்தாக வேண்டும். வேலை நாளில் ஆஸ்பத்திரிக்குப் போனால் மண்டபத்துக்கு வேறு ஆள் வந்துவிடுவாள்.

ஒன்பது மணிக்கு வரிசை வாசல்வரை நின்றது. பக்கத்துத் தெரு ஜன்னத் அவளைப் பார்த்ததும் நகர்ந்து இடம் விட்டாள்.

"ஒங்களுக்கும் ஒடம்பு எரியுதாக்கா?"

"எரியுதாவா? மழையில நின்னாக்கூட வேர்க்குது."

"என்னையக் கட்டுன மாப்புள, ஒன் முதுகுலயே தோசை ஊத்திரலாம் போலருக்கேங்குறாரு."

பங்கஜவல்லி சிரித்து முடிக்கவில்லை. மேனேஜர் தெட்சிணாமூர்த்தி வந்துவிட்டார்.

"பங்கஜம், கக்கூஸ்ல தண்ணி நிக்குது. இத்தனை பொம்பளைங்க வந்திருக்காங்கள்ல?"

"பதினாறு ஆயிட்டுங்க. என் நம்பர் வரப்போவுது."

"நீ இங்கயேதான இருக்கப் போற. கடைசியாக்கூட பாத்துக்கலாம்."

குழாயில் கையை விட்டு அடைப்பை எடுத்துவிட்டு வந்தபோது முப்பத்தொன்று ஓடிக்கொண்டிருந்தது.

"கூப்புட்டாங்கக்கா," என்றாள் ஜன்னத், விரலில் பஞ்சை அழுத்திக்கொண்டே. "உள்ள வேலையா இருக்காங்கன்னேன். அடுத்த ஆளுன்னுட்டாங்க."

அப்புறம் நாற்காலி போடச் சொன்னார்கள். தண்ணீர் கேன் தூக்கச் சொன்னார்கள். பதினொன்றரைக்கு, கேனும் கையுமாகக் கண் இருட்டி, தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"ஒண்ணும் திங்கலையா? மயங்கி விழுந்து என் தலையில போட்டுடாத," என்று தெட்சிணாமூர்த்தி டீ டம்ளரை நீட்டினார். சர்க்கரை தூக்கலாக இருந்தது. பாதி குடித்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது.

மேசையில் நர்ஸ் பெண் கேட்டாள். "காலையில எதுவும் சாப்பிட்டீங்களா?"

"அரை டம்ளர் டீம்மா. இப்பத்தான்."

"அப்ப எடுக்க முடியாதுங்க. வெறும் வயித்துலதான் பாக்கணும்."

"நேத்து ஏழு மணிலேர்ந்து வெறும் வயிறுதாம்மா."

"புரியுதுங்க. ரத்தம் தொட்டுப் பாக்குற ஸ்ட்ரிப்பும் தீந்துட்டு. அடுத்த முகாம்ல மொத ஆளா வந்துருங்க."

"அது எப்பம்மா?"

"சொல்லுவாங்க." நர்ஸ் கையுறையைக் கழற்றினாள். "அதுவரைக்கும் சோத்தைக் குறைங்க. தினம் ஒரு மணி நேரம் நடங்க."

"காலையிலேர்ந்து நடந்துகிட்டுதாம்மா இருக்கேன்."

நர்ஸ் பெட்டியை மூடிக்கொண்டிருந்தாள்.

இரண்டு மணிக்கு மண்டபம் காலியானது. சாயங்காலம் நிச்சயதார்த்தம், பந்தல்காரர்கள் வந்திறங்கிவிட்டார்கள். பங்கஜவல்லி துடைப்பத்தை எடுத்தாள். வரிசை நின்ற இடமெல்லாம் பஞ்சு உருண்டைகள் கிடந்தன. ஒவ்வொன்றிலும் யாரோ ஒருத்தியின் ஒரு பொட்டு ரத்தம். துடைப்பத்துக்கு வராமல் தரையில் ஒட்டிக்கொண்டவற்றை, குனிந்து, ஒவ்வொன்றாகக் கையால் பொறுக்கினாள்.