பச்சை டிக்

காணாமல் போனவர்களைத் தேடும் தன்னார்வக் குழுவுக்கு எலெக்ட்ரீஷியன்தான் தலைவர். கெட்டிக்காரர்தான், ஆனால் அவசரக் குடுக்கை. வரைபடத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்துக்கொள்வார். தெருவில் நடந்தபடி நாலு தடவை கூப்பிடுவார். பதில் வராவிட்டால் பச்சைப் பென்சிலால் ஒரு டிக். ஒரு மணி நேரத்தில் இருபது கட்டம் முடிப்பதில் அவருக்குக் கொள்ளைப் பெருமை.

அன்று காணாமல் போனவர் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். ஞாபகம் தப்பியவர். சர்க்கரைக்கு மாத்திரை போட்டுக்கொண்டு, சாப்பிடாமலே காலையில் வாசலைத் தாண்டிவிட்டார். எந்த நேரமும் மயங்கி விழலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். மதியத்துக்குள் எல்லாக் கட்டமும் பச்சை. வாத்தியாரை மட்டும் காணோம்.

வாத்தியாரின் மனைவி வரைபடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதெல்லாம் முடிஞ்சுதுன்னு எப்படித் தம்பி சொல்றீங்க?"

"கூப்பிட்டுப் பார்த்துட்டோம்மா. ஆள் இருந்தா குரல் குடுத்திருப்பாருல்ல?"

"நல்லா குடுப்பாரு! பக்கத்துல உக்காந்து நான் கூப்பிட்டாலே திரும்ப மாட்டாரு. கல்யாணமான புதுசுலயும் அப்படித்தான், அது வேற கதை."

யாரோ சிரித்தார்கள். எலெக்ட்ரீஷியனின் முகம் சுண்டிப்போனது. காலையிலிருந்து அத்தனை பேரும் காதால்தான் தேடியிருக்கிறார்கள். பதினாறு பேர் முன்னால் அதை ஒப்புக்கொள்வது வேப்பங்காயாகக் கசந்தது. கௌரவம் பார்க்கிற நேரமா இது என்று தன்னையே திட்டிக்கொண்டு, ரப்பரை எடுத்து எல்லா டிக்கையும் அழித்தார்.

"முதல்லேருந்து போறோம். ரெண்டு ரெண்டு பேரா, கத்தாம போங்க. படிக்கட்டுக்கு அடியில, வண்டிக்குப் பின்னால, எல்லாம் குனிஞ்சு பாருங்க. பத்தடிக்கு ஒரு தடவை திரும்பியும் பாருங்க."

தன் முதல் கட்டத்துக்கே போனார். மூடிக்கிடந்த அச்சகத்தின் பக்கச் சந்து அது. காலையில் "சார், சார்" என்று தொண்டை கிழியக் கத்திக்கொண்டே கடந்த இடம். இப்போது பத்தடி போய்த் திரும்பினார். காகிதக் கட்டுகளுக்கும் சுவருக்கும் நடுவில் வாத்தியார் உட்கார்ந்திருந்தார். முகமெல்லாம் வேர்வை, கை நடுங்கிக்கொண்டிருந்தது.

கூட வந்த தையல்காரர் குளுக்கோஸ் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்டினார். பாதி பாட்டில் காலியான பிறகு வாத்தியார் நிமிர்ந்து பார்த்தார்.

"நீங்கதானே கத்திக்கிட்டே போனது?"

"ஆமா சார்."

"பாவம், தொண்டையே போயிருக்கும். யாரையோ கூப்பிட்டீங்களே, அவரு கிடைச்சாரா?"

எலெக்ட்ரீஷியனுக்குக் கண் கலங்கிவிட்டது.

"கிடைச்சுட்டாரு சார்."

"அப்பாடா," என்று வாத்தியார் அவர் முதுகைத் தட்டிக்கொடுத்தார்.