திரும்பி வரவேண்டிய சரக்கு

விமான நிலையச் சரக்குக் கொட்டகையில் அவளுக்கு வைத்த பட்டப்பெயர் 'அத்தியாயம்'. நாடு விட்டு நாடு போகிற எந்தப் பொருளுக்கும் சுங்கத்தில் ஓர் எண் உண்டு. அந்த எண்கள் எல்லாம் தலையணை மொத்தத்துக்கு ஒரு புத்தகத்தில் தொண்ணூற்றேழு அத்தியாயங்களாகக் கிடக்கின்றன. அந்தப் புத்தகத்தை அவள் கரைத்துக் குடித்திருந்தாள். குடையைக் காட்டினால் "அறுபத்தாறு" என்பாள். செருப்பைக் காட்டினால் "அறுபத்துநாலு". பக்கத்து மேசைக்காரர் ஒருநாள் அடுக்குத் தும்மல் போட்டபோது, "மருந்துன்னா முப்பது, கைக்குட்டைன்னா அறுபத்திரண்டு, எது வேணும் சொல்லுங்க" என்றாள். மனுஷன் தும்மிக்கொண்டே சிரித்தார்.

இந்தச் சாமர்த்தியத்தால்தான் அவளுக்குக் கல்யாணமே ஆயிற்று. ஏற்றுமதி இறக்குமதிக் காகிதங்களை எழுதிக்கொடுக்கிற, அவள் வேலை பார்த்த அலுவலகத்துக்கு ஒருநாள் ஓர் ஆள் வேர்த்து விறுவிறுத்து வந்து நின்றார். வானத்திலிருந்து விழுகிற கற்களைத் தேடிப் பிடித்து, ஆசைப்பட்டு வாங்குகிறவர்களுக்கு விற்பது அவர் தொழில். கல்லுக்காரர் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். அவருடைய கல் ஒன்று ஏதோ ஒரு துறைமுகத்தில் ஆறு வாரமாக மாட்டிக்கொண்டு கிடந்தது.

"யாரோ ஒரு புண்ணியவான் இரும்புத் தாதுன்னு எழுதிட்டான்மா. எந்தச் சுரங்கத்துல எடுத்ததுன்னு அவங்க கேக்கறாங்க. நான் என்ன பண்ணட்டும், மேல கையக் காட்டவா?"

அவள் கல்லின் படத்தை வாங்கிப் பார்த்தாள். "இத உருக்கி இரும்பு எடுப்பாங்களா?"

"ஐயையோ!"

"அறுத்து, மெருகு போட்டு, நகையில பதிச்சிருக்கா?"

"இல்ல. விழுந்தது விழுந்த மாதிரியே இருக்கு."

"வாங்கறவர் இத வச்சு என்ன பண்ணுவாரு?"

"என்ன பண்ணுவாரு, அலமாரியில வச்சுப் பாத்துக்கிட்டே இருப்பாரு."

"அப்ப இது தாதும் இல்ல, வெறும் கனிமமும் இல்ல. சேகரிப்புப் பொருள். தொண்ணூத்தேழு."

நாலாம் நாள் கல் வெளியே வந்தது. நாலாம் மாதம் கல்யாணம்.

பத்தொன்பது வருஷம் அவர் கல்லைத் தேடினார், அவள் காகிதம் எழுதினாள். அவள் எழுதின எண்ணால் ஒரு பெட்டிகூட எங்கேயும் நின்றதில்லை. அவள் நீட்டுகிற படிவத்தில் என்ன இருக்கிறது என்று அவர் படித்ததும் இல்லை. "நீ போட்டா சரியாத்தான் இருக்கும்" என்று கையெழுத்தைப் போட்டுவிட்டுப் பேனாவைச் சட்டைப்பையில் செருகிக்கொள்வார். அது பெரும்பாலும் அவளுடைய பேனாவாக இருக்கும்.

கடைசி இரண்டு வருஷமாகத்தான் மனுஷன் மாறிப்போனார். சண்டை போட்டார் என்றால் அதையாவது சொல்லலாம், சண்டையும் கிடையாது. சாப்பிட்டார், தட்டைக் கழுவி வைத்தார், ஜன்னலோரம் உட்கார்ந்தார். எதைக் கேட்டாலும் "ம்". அவள் அலுவலகத்துக் கதைகளை எல்லாம் கைகால் ஆட்டி நடித்துக்காட்டுவாள். சுவருக்கு நடித்துக்காட்டியிருந்தால் ஒரு பல்லியாவது சத்தம் கொடுத்திருக்கும்.

அப்புறம் ஒருநாள், வெளிநாட்டில் கல் கண்காட்சி, மூன்று வாரம் போய்வருகிறேன் என்றார். வழக்கமாக ஐந்தாறு கல் எடுத்துப்போவார். இந்தமுறை இருபத்துமூன்று. வீட்டில் இருந்த நல்ல கல் அத்தனையும்.

"இவ்வளவு எதுக்குங்க?"

"போற இடத்துல வித்துடலாம்னுதான். ஒரேயடியா போற மாதிரி எழுதிடு. நிரந்தரம்னு."

அவளுக்குச் சந்தேகம் வந்தது. காரணம் கல் இல்லை. காலையில் பீரோவைத் திறந்தபோது அவருடைய படிப்புச் சான்றிதழ்கள் வைத்திருந்த உறை காலியாக இருந்தது. மூன்று வாரக் கண்காட்சிக்கு எவராவது பள்ளிக்கூடச் சான்றிதழைத் தூக்கிக்கொண்டு போவார்களா? திரும்பி வருவீங்களா என்று நேருக்கு நேர் கேட்டிருக்கலாம். கேட்டால் பதில் வந்துவிடுமே என்று பயந்தாள். வாயில் வந்ததை விழுங்கிவிட்டுப் படிவத்தை எடுத்தாள்.

கற்களுக்கு எண் சரியாகவே போட்டாள், அதில் கை பிசகாது. ஆனால் போகிற சரக்கு எந்த வகை என்று கேட்கிற கட்டத்தில், நிரந்தரம் என்ற இடத்தை விட்டுவிட்டு, தற்காலிகம் என்பதில் குறி போட்டாள். தற்காலிகம் என்றால் கண்காட்சிக்குப் போய்விட்டு ஒரு வருஷத்துக்குள் கட்டாயம் ஊர் திரும்பவேண்டிய சரக்கு. விற்கக் கூடாது. வராவிட்டால் காகிதம் எழுதினவருடைய சுங்க உரிமத்துக்குத்தான் ஆபத்து. கல்லை விட்டுவிட்டு அவரால் இருக்க முடியாது, கல் வந்துதான் ஆகவேண்டும், ஆகவே அவரும் வந்துதான் ஆகவேண்டும். இதுதான் அவள் போட்ட கணக்கு. ஊருக்கே எண் சொல்கிறவளுக்கு இப்படியொரு கோணல் புத்தி. நெஞ்சு பதறுகிறபோது யாருக்குத்தான் நேர்ப்புத்தி வேலை செய்கிறது?

அவர் வழக்கம்போலப் படிக்காமல் கையெழுத்துப் போட்டார்.

மூன்று வாரம் மூன்று மாதம் ஆயிற்று. ஒரு மாதம் இன்னொரு கண்காட்சி என்றார், ஒரு மாதம் உடம்பு சரியில்லை என்றார். நாலாவது மாதம் ஒரு மத்தியானம் போன் வந்தது.

"நீ என்ன போட்டு அனுப்பியிருக்க?" குரல் உயரவில்லை. "இங்க ஒரு அருங்காட்சியகம் பதினோரு கல்லு கேட்டாங்க. காகிதத்தப் பாத்துட்டு, இது ஊருக்குத் திரும்பவேண்டிய பொருள், நாங்க தொடமாட்டோம்னு போயிட்டாங்க."

"கை தவறிடுச்சுங்க."

"உனக்கா? கை தவறிடுச்சா?"

அவர் போனை வைத்துவிட்டார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். அவருக்கு எல்லாம் புரிந்துவிட்டது, அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

மாடி வீட்டில் அவருடைய தங்கை இருந்தாள். மனசில் பட்டதைப் போட்டு உடைக்கிற நாத்தனார். விஷயம் தெரிந்ததும் படியிறங்கி வந்தாள்.

"அண்ணி, அந்தக் காகிதத்த மாத்திக் குடுக்க முடியாதா?"

"முடியும். ஒரு மனு எழுதினா போதும்."

"அப்ப எழுதுங்களேன். அண்ணன் அங்க ஒரு சின்ன ரூம்ல கிடக்காராம். பக்கத்துக் கடையில மூட்டை தூக்கறாராம்."

"எழுதமாட்டேன். வருஷம் முடியறதுக்குள்ள வந்துதான் ஆகணும்."

"கல்லு வந்துதான் ஆகணும் அண்ணி. அண்ணன் வரணும்னு எந்தச் சட்டத்துல இருக்கு?"

"உன் வாய வச்சுக்கிட்டுச் சும்மா இருக்கியா? போ மேல!" என்று கதவைச் சாத்தினாள். இரண்டு வாரம் நாத்தனாரோடு பேசவில்லை. மூட்டை தூக்குகிறார் என்பது மட்டும் முள்ளாகக் குத்திக்கொண்டே இருந்தது. அவருக்கு இடது தோளில் வலி உண்டு. மனு எழுத இரண்டுமுறை காகிதத்தை எடுத்தாள், இரண்டுமுறையும் திரும்ப வைத்துவிட்டாள். அவ்வளவு பிடிவாதம். பிடிவாதம் என்ன பிடிவாதம், ஆசை.

பதினோரு மாதம் கழிந்து, கெடு முடிய பதினெட்டு நாள் இருக்கும்போது, சரக்குக் கொட்டகையிலிருந்து தகவல் வந்தது. ஒரு பெட்டி, இருபத்துமூன்று கல், நாளைக் காலை விமானத்தில் வருகிறது.

அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. இத்தனை வருஷத்தில் கண்காட்சிக்குப் போன கல்லை அவர் தனியாகத் திருப்பி அனுப்பினதே கிடையாது, கூடவே வருவார். போன் செய்தாள், எடுக்கவில்லை. விமானத்தில் ஏறியிருப்பார், எப்படி எடுப்பார்? படுக்கை விரிப்பை மாற்றினாள். புதுத் தலையணை ஒன்று வாங்கினாள். சவர பிளேடு வாங்கி வந்து குளியலறையில் வைத்தாள். மாடிக்குப் போய், "உங்க அண்ணன் வராரு" என்று நாத்தனாரிடம் ராசியாகிவிட்டு வந்தாள். நாத்தனார் ஏதோ சொல்ல வாயெடுத்தாள், அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, "நல்லது அண்ணி" என்றாள்.

மறுநாள் அவள் கொட்டகைக்குப் போகவில்லை, பயணிகள் வெளிவருகிற வாசலுக்குத்தான் போனாள். தள்ளுவண்டிகள் ஒவ்வொன்றாக வந்தன. குழந்தைகளோடு ஒரு குடும்பம், இருமிக்கொண்டே ஒரு பெரியவர், கடைசியில் விமானப் பணிப்பெண்கள். அதற்கப்புறம் தரையைத் துடைக்கிறவர் வாளியோடு வந்தார். அவர் துடைத்து முடிக்கிறவரைக்கும் நின்றாள்.

கொட்டகையில் சுங்கப் பரிசோதகர் தயாராக இருந்தார். அவளிடம் தொழில் கற்றுக்கொண்டவர் மாதிரி அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவார். பெட்டியைத் திறந்து ஒவ்வொரு கல்லாக எடையில் வைத்து, பழைய படத்தோடு ஒப்பிட்டார். ஒவ்வொன்றும் தனித்தனித் துணியில், ஈரம் உறிஞ்சுகிற பொட்டலத்தோடு, அவள் கட்டுகிற மாதிரியே கட்டியிருந்தது. இருபத்துமூன்றும் சரி.

"அக்கா, இந்தக் காகிதம் நீங்க எழுதிக் குடுத்ததா? ஒரு பிழை இல்ல."

வாங்கிப் பார்த்தாள். அவருடைய கையெழுத்து. பத்தொன்பது வருஷத்தில் ஒரு படிவத்தைப் படித்தும் பார்க்காத மனுஷன், ஒவ்வொரு கல்லுக்கும் எண் போட்டு, எடை போட்டு, 'தற்காலிகமாக வந்த சரக்கு, திரும்புகிறது' என்று உரிய இடத்தில் எழுதியிருந்தார். அவள் இல்லாமலே எழுதப் பழகிவிட்டார். அதைப் பார்த்ததும் அவள் பக்கத்தில் இருந்த மரப்பெட்டியில் உட்கார்ந்துவிட்டாள்.

வெளியே வந்து மறுபடி போன் செய்தாள். முதல் மணியிலேயே எடுத்தார்.

"பெட்டி வந்துடுச்சா?"

"வந்துடுச்சு."

"இருபத்துமூணும் இருக்கா? இனி உனக்குப் பிரச்சனை எதுவும் வராதில்ல? உன் உரிமம் போயிடக் கூடாதேன்னுதான் கெடு முடியறதுக்குள்ள அனுப்பினேன்."

"நீங்க எப்ப வரீங்க?"

"நான் வரலம்மா."

"நான் வேணா அங்க வந்துடட்டுமா? எண் போடற வேலைதானே, எங்க வேணாலும் கிடைக்கும். ரூம் சின்னதா இருந்தாப் பரவால்ல."

"வேணாம்மா."

"நான் என்ன பண்ணேன்? அதையாவது சொல்லுங்க."

"நீ ஒண்ணுமே பண்ணல. அதான் சொல்லவே வாய் வரல. அந்த வீட்டுல எனக்கு மூச்சு முட்டுச்சு. ஏன்னு கேட்டா எனக்கே தெரியல. உன்ன மாதிரி ஒருத்தி கூட இருந்தும் முட்டுச்சு. இங்க மூட்டை தூக்கறேன், தோள் வலிக்குது, ஆனா தூங்கறேன்."

"போறதுக்கு முன்னாடியே சொல்லியிருக்கலாமே."

"நீ கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்."

"தெரியும்" என்றாள். "அதான் கேக்கல."

இரண்டு பேரும் அழுதார்கள். யார் முதலில் போனை வைத்தது என்று தெரியவில்லை. முகத்தைக் குழாயில் கழுவிக்கொண்டு அவள் உள்ளே போனாள். பரிசோதகர் பெட்டிக்கு நாடா ஒட்டிக்கொண்டிருந்தார்.

"வண்டி கூப்பிடவா அக்கா? வீட்டுக்குத்தானே?"

"இல்ல. வந்த விலாசத்துக்கே திரும்ப அனுப்பணும். ஏற்றுமதிப் படிவம் ஒண்ணு குடுங்க."

"இன்னிக்கேவா? இப்பதானே வந்துச்சு!"

"இன்னிக்கே. அதுதான் அவருக்குச் சோறு."

மேசையில் உட்கார்ந்து எழுதினாள். தொண்ணூற்றேழு, இருபத்துமூன்று தடவை. வகை கேட்கிற கட்டத்தில் நிரந்தரம் என்று குறி போட்டாள். பரிசோதகர் எட்டிப் பார்த்தார்.

"அக்கா, இப்படிப் போட்டா இனி திரும்பி வராது."

"தெரியும்பா."

அடுத்த பக்கத்தில் பெறுபவரின் பெயர், விலாசம். அதற்குக் கீழே, அனுப்புபவருக்குப் பெறுபவர் என்ன உறவு என்று ஒரு கட்டம். அங்கே பேனா நின்றது. வாடிக்கையாளர், பங்குதாரர், உறவினர் என்று எழுதலாம். எது வேண்டுமானாலும் எழுதலாம், யாரும் தோண்டிக் கேட்கப்போவதில்லை. போனமுறை அவள் எழுதிய பொய்யால் ஒரு மனுஷன் மாதக்கணக்கில் மூட்டை தூக்கினார்.

"என்னக்கா, பேனா எழுதலையா?" என்று பரிசோதகர் தன் பேனாவை நீட்டினார்.

"எழுதுது" என்றாள். இந்த நிமிஷம் வரைக்கும் எது உண்மையோ அதை எழுதினாள். கணவர். எழுத்து தெரியாமல் கண்ணீர் மறைத்தது. புறங்கையால் துடைத்துவிட்டு, கீழே கையெழுத்தைப் போட்டு, பெட்டியைப் பரிசோதகர் பக்கம் தள்ளிவிட்டாள்.