ஏழேகால் விமானம்

“ஏழேகாலுக்கு சிங்கப்பூர்ல கெளம்புது. பறக்க நாலு மணி நேரம். கூட்டிப் பாரு, பதினொண்ணேகால். முகூர்த்தம் பத்தரையோட முடியுது. ஒங்க அண்ணன் வந்து நேரா பந்தியில உக்கார வேண்டியதுதான்” என்றார் நல்லகாமன். அவர் முத்துமீனாவின் சின்ன மாமனார்.

“ஒம்பதுக்கு முன்னாடி மதுரையில எறங்கிருவேன்னு சொன்னுச்சே மாமா.”

“ஏழேகாலுக்கு ஏறி ஒம்பதுக்கு எறங்க, அது என்ன உசிலம்பட்டி பஸ்ஸா?”

அன்று கே.கே. நகர் மண்டபத்தில் முத்துமீனாவின் மகள் இசைவாணிக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். அண்ணன் சிவபாண்டியோ வானத்தில் இருந்தான்; போன் போகவில்லை. அதற்குள் நல்லகாமன் எல்லாவற்றையும் மாற்றிவிட்டார். மடிக்கு முத்துமீனாவின் சித்தப்பா மகன் பாண்டியராஜன். மேளக்காரர்களுக்கு, “தாய்மாமன் சீர் பன்னெண்டுக்குத்தான் வருது, அப்ப வாங்க” என்று தகவல்.

“எனக்கென்னக்கா, உக்காரச் சொன்னா உக்காரப் போறேன்” என்றான் பாண்டியராஜன். புதுப் பட்டுச்சட்டையில் விலைச்சீட்டு இன்னும் தொங்கியது.

“ஒம் மடி நல்ல மடிதான் தம்பி. ஆனா கூடப் பொறந்தவன் மடி இருக்கைல அது எதுக்கு?”

பத்து மணிக்கு வாசலில் ஒரு கார் வந்து நின்றது. இரண்டு பெட்டி, வழியில் வாங்கிய ஒரு வாழைத்தார், சிவபாண்டி.

நல்லகாமன் ஓடிவந்தார். “எப்புடி மாப்ள இப்பவே வந்த?”

“அங்க ஏழேகால்னா இங்க விடியக்காலம் நாலே முக்கால் மாமா. அவுங்க கடிகாரம் ரெண்டரை மணி நேரம் முந்தி ஓடும். அதுலருந்து நாலு மணி நேரம் எண்ணுங்க.”

நல்லகாமன் விரல் மடக்கினார். முகம் மாறியது. “சரி, உள்ள வா.”

“மேளம் எங்க? மேளம் இல்லாம தாய்மாமன் சீர் படியேறுமா? மூவாயிரம் கிலோமீட்டர் வந்துட்டேன், இந்த மூணு படி ஏற முடியலையே!”

மேளக்காரருக்குப் போன் போட்டார்கள். “ஆரப்பாளையத்துல டீ குடிச்சுக்கிட்டு இருக்கோம்ணே. வர முக்கால் மணி நேரம் ஆகும்.”

உள்ளே ஆசாரி ஊசியை எடுத்து வைத்துவிட்டுக் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். முத்துமீனா சமையல் கட்டுக்கு ஓடி, காலி அண்டாவையும் கரண்டியையும் தூக்கிவந்து சின்ன மாமனார் முன்னால் வைத்தாள்.

“மேளத்தை நிப்பாட்டுனது நீங்க. அடிங்க மாமா.”

“நானா? நாலு பேரு சிரிக்கவா?”

“கணக்குப் போட்ட கைதானே, அடிங்க!”

முதல் அடி கூச்சமாக விழுந்தது. யாரோ விசில் அடித்ததும் நல்லகாமன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டார். பிறகு அண்டா அதிர்ந்தது. பெண்கள் குலவை இட்டார்கள். பாண்டியராஜன் வாழைத்தாரைத் தலையில் வைத்துக்கொண்டு, விலைச்சீட்டு பறக்க, முன்னால் ஆடிப் போனான். சிவபாண்டி படியேறினான்.

மாமன் மடியில் இசைவாணி வீறிட்டு அழ, முத்துமீனா சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள்.

பந்தியில் சிவபாண்டி கேட்டான்: “மாமா, ஞாயித்துக்கெழமை காலையில பத்து மணிக்கு இங்க ஏறுனா, அங்க எப்ப எறங்குவேன்?”

நல்லகாமன் சிவந்திருந்த உள்ளங்கையைப் பார்த்தார்.

“எப்ப வேணாலும் எறங்கு மாப்ள. ஆளை விடு.”