வால்டர் பெருமூச்சு விட்ட பிறகு

"உங்க வீட்டுக் கொசு என்னைக் கடிக்குது, ஆர்டிஸ். இன்னிக்கு ஜனவரி பதினொண்ணு."

"நானா வழி சொல்லி அனுப்புறேன்?"

"உங்க வாசல்ல உருகுற தண்ணி என் வாசல்ல வந்து உறையுது. ரெண்டு தடவ விழுந்துட்டேன்."

"மூணு தடவ. ஜன்னல் வழியா பாத்தேன்."

வேலிக்கு அந்தப் பக்கம் டுவேன் மாக்கி முழங்கால் பனியில் நின்றார். இந்தப் பக்கம் ஆர்டிஸ் வெறுங்காலோடு புல்லில் நின்றார். அமெரிக்காவின் வடகோடியில் உள்ள துலூத் நகரின் அந்தத் தெருவில் யாரும் குரலை உயர்த்திப் பன்னிரண்டு வருடம் ஆகியிருந்ததால், மற்றவர்கள் திரைச்சீலையை ஒதுக்கிவிட்டு, காபியோடு நாற்காலி போட்டுக் கவனித்தார்கள்.

எல்லாவற்றுக்கும் காரணம் வால்டர். முப்பத்தொரு வருடம் பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்ற பெண்மணியான ஆர்டிஸ், நாய்க் காப்பகத்துக்குப் பழைய துண்டுகளைக் கொடுக்கப் போனவர், ஒன்பது வயது நாயோடு திரும்பினார். குட்டிகளைக் கொஞ்ச வருகிறவர்களுக்கு முதுகைக் காட்டியபடி இரண்டு வருடம் சுவரையே பார்த்துக் கிடந்த நாய் அது. வீட்டுக்கு வந்த மறுநாள் மதியம் அவருடைய செருப்பின் மேல் தாடையை வைத்து ஒரு பெருமூச்சு விட்டது. அதோடு பனி, அளந்து வெட்டியதுபோல், வேலிவரைக்கும் உருகியது. நான்காம் நாள் துலிப் பூத்தது. உள்ளூர்ப் பத்திரிகை அதை ஆறாம் பக்கத்தில், பனிக்கால டயர் விளம்பரத்துக்குக் கீழே போட்டது.

காப்பகத்தில் பதினான்கு நாள் பழகிப் பார்க்கச் சொல்வார்கள். பிறகு ஒருவர் வந்து கேட்பார். அந்தக் கேள்விக்காகவே பெயர் பொறித்த கழுத்துப்பட்டை வாங்கி மறைத்து வைத்திருந்தார் ஆர்டிஸ். வந்தவள் மரிசெலா, டெக்ஸஸிலிருந்து வந்து மூன்றே வாரம் ஆனவள்.

"வால்டரை வச்சுக்கறீங்களா?"

"ஐயோ, எனக்கெதுக்கு. வேற யாருக்காவது தேவைப்படும்."

அந்த ஊரில் கடைசித் துண்டு கேக்கைக்கூட இரண்டு தடவை மறுத்து, மூன்றாம் தடவை வேறு வழியில்லாததுபோல்தான் வாங்கிக்கொள்வார்கள். ஆர்டிஸ் அடுத்த கேள்விக்குக் காத்திருந்தார். மரிசெலாவோ, "புரியுதுங்க" என்று வருத்தத்தோடு சொல்லி, வால்டரைக் காரில் ஏற்றினாள். கார் முனை திரும்பும்வரை ஆர்டிஸ் கையசைத்தார்; அதுவும் அந்த ஊர் வழக்கம்தான்.

ஒரு மணி நேரத்தில், பதினான்கு நாளாக அங்கே விழாமல் இருந்த பனி முழுவதும் அந்த ஒரு வீட்டின் மேல் மட்டும் விழுந்தது. டுவேன் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். அவரோ மண்வாரியை எடுத்துக்கொண்டு, யாரும் கூப்பிடாமலே, ஆர்டிஸின் கதவுவரை வழி வெட்டினார்.

"அந்தப் பொண்ணு எத்தன தடவ கேட்டா?"

"ஒரு தடவ."

டுவேன் தொப்பியைக் கழற்றினார். சாவு வீட்டில் மட்டும்தான் அவர் அதைக் கழற்றுவார். "வண்டில ஏறுங்க."

காப்பகத்தில் வால்டர் மறுபடி சுவரைப் பார்த்துக் கிடந்தது. ஒரு குடும்பம் அதைத் தத்தெடுக்கும் காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்துக்கொண்டிருந்தது.

"இந்த நாய் எனக்கு வேணும்" என்றார் ஆர்டிஸ், எல்லாருக்கும் கேட்கும்படி. அப்படி ஒரு வாக்கியத்தை அந்தத் தெருக்காரர் யாரும் அதுவரை சொன்னதில்லை. டுவேன் கூச்சத்தில் தரையைப் பார்த்தார். குடும்பம் காகிதத்தைக் கீழே வைத்தது.

"நிச்சயமாவா?" என்றாள் மரிசெலா.

"ரெண்டாவது தடவ கேக்காதம்மா. பழக்க தோஷத்துல வேண்டாம்னு சொல்லித் தொலைச்சிருவேன்."

வால்டர் சுவரிலிருந்து திரும்பியது.

அவர்கள் தெருமுனைக்கு வருவதற்குள் பனி தண்ணீராகியிருந்தது. டுவேன் அதற்கு ஒரு வாய்க்கால் வெட்டினார். ஏப்ரலில், கொசுவலை மாட்டும் சாக்கில் வந்து, கல்யாணம் செய்துகொள்ளலாமா என்று கேட்டார். முதல் தடவையிலேயே ஆர்டிஸ் சரி என்றதைத் தெரு இரண்டு வருடம் பேசியது. வேலியைப் பிடுங்கியதும் கோடை டுவேன் வீட்டுக்கும் பரவியது. மரிசெலா எதிர்வீட்டுக்குக் குடிவந்து, பனி வாரும் வண்டி ஓட்டுகிறவனைக் கட்டிக்கொண்டாள். இப்போது கேக்கை நான்கு தடவை மறுக்கிறாள், எங்கே நிறுத்துவது என்று யாருக்கும் தெரியவில்லை. அவள் கணவன் அந்த இரண்டு வீடுகள் வரும்போது வண்டியின் பனி தள்ளும் அலகைத் தூக்கி, புல்லைத் தாண்டியதும் இறக்குகிறான். வால்டருக்கு இப்போது இருபத்து மூன்று வயது.