இலை பிடித்த கை

நூலகத்தில் அவளுக்குப் பெயர் தகவல் மேசை. சம்பளப் பட்டியலில் வேறு பெயர் இருக்கிறது. அதைச் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. "தகவல் மேசை சாப்பிடப் போயிருக்கு", "தகவல் மேசைக்கு இன்னைக்கு மூக்கு மேல கோபம், பாத்துப் போ" என்று மேசையையும் அவளையும் ஒன்றாக்கிப் பேசுவதில் மற்ற ஊழியர்களுக்கு ஒரு சுகம். அவளும் அதைக் கண்டுகொள்வதில்லை. ஒரே மேசைக்குப் பின்னால் இத்தனை வருஷம் உட்கார்ந்தால் யாராக இருந்தாலும் கொஞ்சம் மரமாகத்தான் போவார்கள் என்பது அவள் கட்சி.

வருகிறவர்கள் கேட்பதற்குப் பதில் கண்டுபிடித்துக் கொடுப்பது அவள் வேலை. அதில் ஒரு தொல்லை உண்டு. ஒருத்தரும் கேட்க வந்ததை நேராகக் கேட்கமாட்டார். உலக வரைபடம் வேண்டும் என்று ஒருவர் வருவார். பேச்சுக் கொடுத்துப் பார்த்தால், வெளிநாட்டில் இருக்கும் மகளைத் தூக்கத்திலிருந்து எழுப்பாமல் எந்த நேரத்தில் போன் செய்வது என்பதுதான் அவர் கேள்வியாக இருக்கும். இதயத்தைப் பற்றிப் புத்தகம் கேட்பவரின் சட்டைப் பையில் மடித்து வைத்த மருந்துச் சீட்டு இருக்கும். அந்த உள் கேள்வியை நோகாமல் வெளியே வாங்குவதில் அவள் கெட்டிக்காரி. அடுத்தவர் விஷயத்தில் மட்டும்.

நூலகத்தின் இணையதளத்தில் 'பயனுள்ள இலவசத் தளங்கள்' என்று ஒரு பக்கம் இருந்தது. அது அவள் பெற்று வளர்த்த பிள்ளை. தேடினால் முதலில் வந்து விழுவதை நம்புகிறவர்களைக் கண்டால் அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். ஒரு தளத்தை அந்தப் பக்கத்தில் சேர்ப்பதற்குள் பெண் பார்க்கப் போன மாமியார் மாதிரி நோண்டி எடுத்துவிடுவாள். காசு கேட்கிறதா, போன் நம்பர் கேட்கிறதா, எழுதியவருக்கு விஷயம் தெரியுமா, தெரிந்த மாதிரி நடிக்கிறாரா? மருந்துகளைப் பற்றிய தளமென்றால் முதலில் தான் விழுங்கும் மாத்திரையைத் தேடிப் பார்ப்பாள். அகராதி என்றால் தனக்கு நன்றாகத் தெரிந்த சொற்களை. மாதம் பிறந்தால் எல்லா இணைப்பையும் ஒவ்வொன்றாகத் திறந்து, உயிரோடு இருக்கிறதா என்று பார்ப்பாள். மூன்று மாதம் புதிதாக எதுவும் சேராத தளத்தைத் தூக்கிவிட வேண்டும். இந்தச் சட்டத்தைப் போட்டவளும் அவளேதான்.

அந்தப் பக்கத்தில் செடிகளுக்கென்று இருந்தது ஒரே தளம். அது வந்து சேர்ந்ததே ஒரு கதை. எதிர்த் தெருத் தையல்காரர் ஒருநாள் எலுமிச்சை இலை ஒன்றைத் துணித்துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு வந்தார்.

"மாடியில தொட்டியில வச்சிருக்கேன்மா. இலையெல்லாம் இப்படிச் சுருண்டுக்குது. வெள்ளை வெள்ளையாக் கோடு வேற. என்ன வியாதின்னு பாத்துச் சொல்லுங்க."

அவள் தேடினாள். பூச்சிமருந்து விற்கிற கடைகளையெல்லாம் தள்ளிவிட்டுக் கீழே போனபோது ஓர் எளிய தளம் கிடைத்தது. விளம்பரம் இல்லை, அலங்காரம் இல்லை, நடத்துகிறவர் பெயர்கூட இல்லை. வெறும் இலைகள். நோய்க்கு ஒரு படம், பக்கத்தில் நாலு வரி. எல்லாப் படத்திலும் இலை ஒரு கையில் கிடந்தது, அளவு தெரிவதற்காக. எழுத்தில் மட்டும் காரம் தூக்கலாக இருந்தது. 'தண்ணீரை ஊற்றி ஊற்றிச் சாகடித்துவிட்டு என்னிடம் வந்து மருந்து கேட்டால் நான் என்ன செய்வேன்?' என்று ஒரு பதில். அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே படத்தைப் பெரிதாக்கினாள். இலையை அணைத்திருந்த கட்டைவிரலின் நகம் நடுவில் இரண்டாகப் பிளந்து, பிளந்தபடியே வளர்ந்திருந்தது.

"அக்கா!"

நூலகத்தில் சத்தம் போடாதீர்கள் என்று ஊருக்கெல்லாம் சொல்கிறவள் போட்ட சத்தத்தில் படிப்பறையே திரும்பிப் பார்த்தது. தையல்காரர் பயந்துபோனார்.

"என்னம்மா, பெரிய வியாதியா?"

சின்ன வயதிலிருந்தே அக்காவின் கட்டைவிரல் நகம் அப்படித்தான் பிளந்திருக்கும். அக்காவோடு அவள் பேசிப் பத்து வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. பெரிய சண்டை எதுவும் இல்லை. பெரிய சண்டையாக இருந்திருந்தால் யாராவது நடுவில் புகுந்து சமாதானம் பேசியிருப்பார்கள். அம்மா இறந்த அன்று, வேறு ஊரில் தோட்டக்கலைத் துறையில் வேலையாக இருந்த அக்காவுக்குச் சித்தப்பா சொல்லிவிடுவார் என்று இவள் நினைத்தாள். கூடவே இருக்கிற தங்கச்சி சொல்லாமலா இருப்பாள் என்று சித்தப்பா நினைத்தார். எல்லாம் முடிந்து வீட்டைக் கழுவிவிட்ட பிறகுதான், அக்கா எங்கே என்று யாரோ கேட்டார்கள். அக்கா போனில் ஒரே வாக்கியம்தான் பேசினாள்: "ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேடி." திட்டியிருந்தால் பதிலுக்குத் திட்டியிருக்கலாம். இதற்கு என்ன பதில் சொல்வது என்று இவள் விழித்துக்கொண்டிருக்கும்போதே போன் வைக்கப்பட்டுவிட்டது. பிறகு அக்காவுக்கு மாற்றல் வந்தது, நம்பர் மாறியது. கோபம் ஆறினால் அவளே கூப்பிடுவாள் என்று இவள் காத்திருந்தாள். தப்பு செய்தவள் முதலில் கூப்பிடட்டும் என்று அக்கா காத்திருந்திருப்பாள். வீம்பில் இரண்டு பேரும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள்தான்.

தையல்காரரின் எலுமிச்சை பிழைத்துக்கொண்டது. இலை வந்த அன்றைக்கே அந்தத் தளத்தை அவள் நூலகப் பக்கத்தில் சேர்த்திருந்தாள். அதற்கப்புறம் மாதத்துக்கு ஒரு தடவை சரிபார்ப்பது போய், தினமும் காலையில் வந்து பையை வைத்ததும் திறந்து பார்ப்பது வழக்கமாகிவிட்டது. புதிதாக இலை வந்திருந்தால் அன்றைக்கு வாசகர்களுக்கு நல்ல காலம். முகம் இல்லை, குரல் இல்லை. மணிக்கட்டுக்குக் கீழே இருக்கிற அக்கா மட்டும்தான் கிடைத்தாள். அதுவே அவளுக்குப் பெரிய சொத்தாக இருந்தது. அந்தக் கைக்கு வயதாவதை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். விரல் முட்டிகள் தடித்தன. புறங்கை ஓரத்தில் பழுப்புப் புள்ளிகள் வந்தன. ஒரு தடவை சுட்டுவிரலில் பிளாஸ்திரி. வெட்டுக்காயமா, சுட்டுக்கொண்டாளா என்று அன்று முழுக்க வேலையே ஓடவில்லை. இன்னொரு தடவை மெல்லிசாக ஒரு மோதிரம். கல்யாணமே வேண்டாம் என்று ஐம்பது வயதுவரை ஒண்டியாக நின்றவள் விரலில் மோதிரம் போட்டது யார்? நல்லவனா? அக்காவின் வாய்க்கு ஈடு கொடுப்பானா? கேட்க நாக்குத் துடித்தது. கேட்க ஆளில்லை.

அந்தத் தளத்தில் கேள்வி அனுப்ப ஒரு பெட்டி இருந்தது. 'இலையைக் கையில் வைத்துப் படம் எடுத்து அனுப்பவும். தரையில் கிடக்கும் இலைக்கு இங்கே பதில் கிடையாது' என்று அதன் மேலே எழுதியிருந்தது. எத்தனையோ வாசகர்களுக்கு அந்தப் பெட்டியை அவள் நிரப்பிக் கொடுத்திருக்கிறாள். தனக்கென்று ஒரு தடவைகூட நிரப்பவில்லை.

அப்புறம் இலைகள் வருவது நின்றது.

முதல் மாதம், ஊருக்குப் போயிருப்பாள் என்று நினைத்துக்கொண்டாள். இரண்டாவது மாதம், கணினி கெட்டுப்போயிருக்கும். மூன்றாவது மாதம் அவள் எதையும் நினைத்துக்கொள்ளப் பயந்தாள். நான்காவது மாதம் தலைமை நூலகர் வந்து மேசையின் முன்னால் நின்றார். மனிதர் மென்மையானவர், ஆனால் சுற்றறிக்கைப் பிரியர். எதற்கும் ஒரு விதி எண் வைத்திருப்பார்.

"அந்தச் செடித் தளம் இன்னும் நம்ம பக்கத்துல இருக்கேம்மா? மூணு மாசம் தாண்டிடுச்சே. உங்க ரூல்தான?"

"இன்னும் கொஞ்ச நாள் பாக்கலாம் சார்."

"மத்த தளத்துக்கெல்லாம் இப்படிப் பாக்க மாட்டீங்களே. தெரிஞ்சவங்க நடத்துறதா?"

"இல்ல சார். யாருன்னு தெரியாது."

சொன்ன வாயை அப்படியே கிள்ளி எறியலாம் போல இருந்தது அவளுக்கு. அக்காவை ஆயிரம் பேரிடம் சிபாரிசு செய்திருக்கிறாள். எனக்கு அக்கா என்று ஒருவரிடம்கூடச் சொன்னதில்லை.

அடுத்த வாரம் புது இலை ஒன்று வந்திருந்தது. கத்தரி இலை. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு ஆசையாகப் பெரிதாக்கினாள். இலையைப் பிடித்திருந்தது ஓர் ஆணின் கை. தடித்த விரல்கள், முட்டிகளில் நரைத்த முடி. நோய்ப் புள்ளி எங்கே இருக்கிறதோ சரியாக அதன் மேலேயே கட்டைவிரலை வைத்து மறைத்திருந்தது. அக்கா பக்கத்தில் இருந்தால் அந்தக் கையில் சுள்ளென்று ஒன்று போட்டிருப்பாள். அப்படியானால் அக்கா பக்கத்தில் இல்லை. இந்த நினைப்பு வந்ததும் அவள் எழுந்து கழிப்பறைக்குப் போய் முகத்தைக் கழுவினாள். கழுவக் கழுவக் கண்ணீர் நிற்கவில்லை. அம்மா போனதை அக்காவுக்கு ஒரு வார்த்தை சொல்லாமல் விட்டதற்கு, அக்கா போனதைத் தனக்கு யாரும் ஒரு வார்த்தை சொல்லாமலே விட்டுவிட்டார்களோ?

திரும்பி வந்தவள் யோசிக்கவில்லை. யோசித்தால் கை வராது என்று அவளுக்குத் தெரியும். ஜன்னலோரம் தண்ணீர்ப் புட்டியில் படர்ந்திருந்த மணி பிளான்ட்டிலிருந்து ஒரு இலையைக் கிள்ளினாள். ஒரு குறையும் இல்லாத, பளபளவென்ற இலை. அதை உள்ளங்கையில் ஏந்திக்கொண்டு, இன்னொரு கையால் படம் எடுத்தாள். திரையில் பார்த்தபோது அவளுக்கே தூக்கிவாரிப் போட்டது. அம்மாவின் கை. அதே வளைந்த சுண்டுவிரல், அதே அகலமான உள்ளங்கை, மணிக்கட்டில் அதே ஒற்றை மடிப்பு. எப்போது இப்படி ஆனது என்று அவள் கவனிக்கவே இல்லை.

பெட்டியில் பெயர் கேட்ட இடத்தில் 'வாசகி' என்று அடித்தாள். கேள்வி கேட்ட இடத்தில், 'இந்த இலைக்கு என்ன நோய் என்று தெரிவிக்கவும்' என்று அடித்தாள். எதிரே ஒருவர் வந்து இப்படிக் கேட்டிருந்தால், உட்காருங்க, என்ன விஷயம் என்று அரை நொடியில் கண்டுபிடித்திருப்பாள். அனுப்பிவிட்டு, நாளைக்கு என்று சொல்லி வைத்திருந்த வேலைகளையெல்லாம் அன்றைக்கே இழுத்துப் போட்டுச் செய்தாள்.

பதில் இரண்டு நாள் வரவில்லை. அந்த இரண்டு நாளும் வாசகர்கள் கேட்டதற்கெல்லாம் அவள் ஒழுங்காகப் பதில் சொன்னாள் என்பதை நம்பத்தான் வேண்டும். சட்டப் பிரிவு கேட்டவருக்குச் சமையல் தளத்தைக் காட்டியதாக ஒரு பேச்சு உண்டு.

மூன்றாம் நாள் மதியம், சாப்பாட்டு நேரம் முடிந்து ஆட்கள் திரும்பிக்கொண்டிருந்தபோது பதில் வந்தது. தளத்தில் எப்போதும் இருக்கும் காரம் அதில் இல்லை. எழுதிப் பழக்கமில்லாத ஒருவர் தட்டித் தட்டி அடித்தது போல இருந்தது.

'வணக்கம். உங்கள் இலைக்கு எந்த நோயும் இல்லை. இந்தத் தளம் என் மனைவியுடையது. நாலு மாதம் முன்பு அவளுக்குப் பக்கவாதம் வந்தது. வலது கையும் வரவில்லை, பேச்சும் வரவில்லை. இப்போது நான் படத்தைக் காட்டுவேன், நோயின் பெயரை ஒவ்வொன்றாகச் சொல்வேன், சரியானது வந்தால் தலையை ஆட்டுவாள். உங்கள் படத்துக்கு எதைச் சொன்னாலும் ஆட்டவில்லை. அழுகிறாள். இலையைக் காட்டினால் இல்லை என்று தலையசைக்கிறாள். இலையைப் பிடித்திருக்கும் கையைத் திரையில் இடது விரலால் தடவித் தடவிக் காட்டுகிறாள். இரண்டு நாளாகக் கணினியை மூட விடவில்லை, தூங்கப் போகும்போதும் அந்தப் படம் திறந்தே இருக்க வேண்டும் என்று அடம்பிடிக்கிறாள். கோபித்துக்கொள்ளாதீர்கள். நீங்கள் யார்?'

அவள் அதைப் படித்தாள். உயிரோடு இருக்கிறாள் என்ற இடத்தை மட்டும் திரும்பத் திரும்பப் படித்தாள். அப்படி ஒரு வரி அதில் இல்லை. ஆனால் எல்லா வரியிலும் அதுதான் இருந்தது. அந்த நாக்கு. ஊரையே வாய்க்குள் போட்டுக்கொண்டு துப்பும் அந்த நாக்கு இப்போது ஒரு சொல்லுக்குத் திணறுகிறது. பேச்சு இருக்கும்போது ஒரு போன் செய்ய வீம்பு விடவில்லை. இனிமேல் கேட்க ஆசைப்பட்டாலும் அந்தக் குரலில் ஒரு திட்டு கிடைக்காது.

"ஏம்மா, இந்த ரயில் நேரம் பாக்கற சைட்டு எதுன்னு..." என்று மேசைக்கு முன்னால் ஒருவர் ஆரம்பித்தார்.

"ஒரு நிமிஷம்," என்றாள் அவள். தலைமை நூலகர் தன் அறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "சார், அந்தச் செடித் தளம் எங்க அக்காவுது," என்று அறைக்கே கேட்கிற மாதிரி அவள் சொன்னாள். "எனக்கு நாளையிலேர்ந்து லீவு வேணும். எத்தனை நாளுன்னு இப்பச் சொல்ல முடியாது."

அவர் வாயைத் திறந்தார். எந்த விதி எண்ணும் வரவில்லை போலிருக்கிறது. மெதுவாகத் தலையை மட்டும் ஆட்டினார்.

அவள் பதில் பெட்டியைத் திறந்தாள். எழுதுவதற்கு எவ்வளவோ இருந்தது. அம்மாவைப் பற்றி, சித்தப்பாவைப் பற்றி, தினமும் காலையில் பையை வைத்ததும் செய்கிற முதல் வேலையைப் பற்றி. எதுவும் வேண்டாம் என்று விட்டுவிட்டாள். வாழ்க்கையில் யாரையும் சொல்லிக் கூப்பிட வாய்ப்புக் கிடைக்காத ஓர் உறவுச் சொல்லைக் கடைசியில் வைத்து, எழுத்துக் கூட்டி, நிதானமாக அடித்தாள்.

'தங்கச்சி. வீடு எங்கன்னு மட்டும் சொல்லுங்க, அத்தான்.'