கழற்றாத தொப்பி

...தொப்பியைக் கழற்று, வாசலிலேயே கழற்று என்று படித்துப் படித்துச் சொன்னேனே, காதில் ஏறியதா இந்த மனிதருக்கு, இதோ பூசை தொடங்கி எல்லாரும் முழங்காலிட்ட பிறகும் தலையில் தொப்பியோடு என் பக்கத்தில் மண்டி போட்டிருக்கிறார்... எங்கள் யூத ஜெபக்கூடத்தில் ஆண்கள் தலை திறந்திருந்தால் பாவம், இங்கே மாதா கோவிலில் மூடியிருந்தால் பாவம், பாவம்கூட இல்லை, சாவு. வார்சாவில் எந்தக் கத்தோலிக்கனுக்கு இது மறக்கும்? யூதனைத் தவிர எவனும் இந்தத் தப்பைச் செய்யமாட்டான். சுவரைத் தாண்டி இவரையும் மகளையும், யூதர்களை அடைத்துவைத்த கெட்டோவிலிருந்து இழுத்து வந்தேன், இவர் தாடியைச் சிரைக்க வைத்தேன், குழந்தை மாதிரி அழுதார், வாயைத் திறந்தால் எங்கள் யூத மொழி இத்திஷின் வாடை வீசும் என்று தொண்டை நோய்க்காரர் ஆக்கினேன், நஃப்தாலி என்ற இவர் பேரை விதோல்ட் ஆக்கினேன், நானே யாத்விகா ஆனேன், எல்லாம் செய்து கடைசியில் ஒரு தொப்பியா எங்களைக் கொல்லவேண்டும்? எந்த ஜென்மத்தில் இவரைக் கட்டினேன்...

பின்வரிசையில் முணுமுணுப்பு. மாடிவீட்டு ஜுஸ்தினா கழுத்தை நீட்டுகிறாள், யூதனைக் காட்டிக் கொடுப்பவனுக்கு ஜெர்மன்காரன் சர்க்கரை கொடுக்கிறான், அவள் வீட்டில் சர்க்கரை தீர்ந்து வெகுநாள் ஆகிறது... மெல்ல இடித்துச் சொன்னால் பயம் தெரிந்துவிடும், பயந்தவளைத்தான் முதலில் பிடிப்பார்கள். எழுந்தேன். தொப்பியைப் பிடுங்கி அதாலேயே அவர் கன்னத்தில் ஒன்று வைத்தேன். “யோவ் குடிகாரா! விடியறதுக்குள்ளயே ஊத்திக்கிட்டு வந்துட்டியா? மாதா முன்னாடி தொப்பியக் கழட்டணும்னுகூட புத்தி இல்ல?” நடிப்பு என்றுதான் தொடங்கினேன், ஆனால் கை நிஜமாகவே வீசியது, கல்யாணமான நாள் முதல் இவரிடம் குரலை உயர்த்தாதவள் நான். காது சிவந்து தலையைக் குனிந்துகொண்டார். ஜுஸ்தினா களுக்கென்று சிரித்தாள். “விடு யாத்விகா, நம்ம வீட்லயும் ஒண்ணு இப்படித்தான் கெடக்குது.” சிரிப்பு வரிசை வரிசையாகப் போயிற்று. பிழைத்தோம். தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டே மறுபடி முழங்காலிட்டேன்.

வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் பனி, யாருமில்லை, இவர் பத்தடி பின்னால், திட்டுவதற்குக்கூட எனக்குத் தெம்பில்லை. மகள் என் கையைப் பிடித்து இழுக்கிறாள். “அம்மா, அப்பாவுக்கு ஏம்மா இன்னும் தெரியல? மாதா கோவிச்சுக்கப் போறாங்க.” கண்ணில் நிஜமான கவலை. சமர்த்து, இவள் அல்லவா சொன்னதைக் கேட்டவள், முதல் வாரத்திலேயே மாதா கோவில் ஜெபமெல்லாம் மனப்பாடம், ஹலினா என்றால்தான் திரும்பவேண்டும், பழைய பேரை யார் கூப்பிட்டாலும் திரும்பக்கூடாது என்று சொல்லி வைத்தேன், ஒரு தரம்கூடத் தவறவில்லை... கையை விட்டுவிட்டு முன்னால் குதித்துக்கொண்டு போகிறாள். எனக்கு என்ன வந்ததோ, சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு மெல்ல, “ஷிஃப்ரா” என்றேன். திரும்பவில்லை. இன்னொரு தரம், கொஞ்சம் சத்தமாக. அவள் பாட்டுக்குப் பனியை உதைத்துக்கொண்டே போகிறாள். சொன்னபடி கேட்கிறாளா, இல்லை... ஓடிப்போய்க் கேட்டுவிடலாம்தான். எந்தப் பதில் வேண்டும் எனக்கு?