கரடிக்கீரை பூத்த இடம்

இலையாக இருக்கும்போது கரடிக்கீரையும் ஓடைக்கரை விஷச்செடியும் கூடப்பிறந்தவை மாதிரியே இருக்கும். பூத்தால்தான் குட்டு வெளிப்படும். விஷச்செடி வசந்தத்திலேயே தரையோடு பூத்து ஓய்ந்துவிடும். கரடிக்கீரையோ கோடை முடிகிற நேரத்தில் நெடுநெடுவென்று தண்டு விட்டு மஞ்சளாகப் பூக்கும். அதைப் பார்க்கத்தான் கும்சில் மூச்சிரைக்க மலையேறினாள்.

வசந்தத்தில் அவள் கணவன் தல்சு, கரடிக்கீரை என்று அவள் பறித்துவந்த இலையில் சோற்றையும் சோயா விழுதையும் பொதிந்து தின்றான். ஏற்கெனவே பலவீனமான நெஞ்சு, விடிவதற்குள் போய்விட்டான். பொதிந்து பொதிந்து ஊட்டிய கும்சில் ஒரு வாய்கூடத் தின்றிருக்கவில்லை. ஊர் அதையும் விட்டுவைக்கவில்லை.

நாத்தனார் சுல்லே இழவு வீட்டிலேயே கத்தினாள். "மலையிலயே பொறந்தவன்னு பீத்திக்குவியே அண்ணி! இலை தெரியாம எங்கண்ணன கொன்னுட்டியே!" தாயில்லாத அவளைத் தூக்கி வளர்த்தவன் தல்சு.

 கீரை பறித்த அன்று மலையில் ஒரே பனிமூட்டம். கும்சிலுக்கே தன் கைமேல் சந்தேகம்.

இப்போது, வசந்தத்தில் அவள் பறித்த சரிவு முழுக்க மஞ்சள். எல்லாம் கரடிக்கீரைப் பூ. "நான் இல்லங்க, என் கை இல்லங்க" என்று செத்தவனிடம் சொல்லி அழுதாள். சுல்லேயின் முகத்துக்கு நேரே நீட்ட ஒரு தண்டை ஒடித்துக்கொண்டாள்.

இறங்கும்போது முகம் கழுவ ஓடையில் குனிந்தாள். கரையோரம் தடித்த வட்ட இலைகள், ஒன்றிலும் பூத்தண்டு இல்லை. தல்சு தின்ற அன்று காலை சுல்லே ஒரு கட்டுக் கீரையோடு வந்தது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

"ஓடைப்பக்கம் தளதளன்னு இருந்துச்சு அண்ணி. அண்ணனுக்குப் பிடிக்குமே, இதையும் சேர்த்துக் கழுவுங்க."

சேர்த்துத்தான் கழுவினாள். 

முற்றத்தில் மிளகாய் காயப்போட்டுக்கொண்டிருந்த சுல்லே எழுந்து நின்றாள். "பாத்தீங்களா? என்ன பூ?" குரல் நடுங்கியது.

கும்சிலின் கையில் ஒன்றும் இல்லை. பூ ஓடையோடு போயிருந்தது.

"பூவே இல்ல சுல்லே. அந்த விஷச்செடிதான். பறிச்சது என் கைதான்."

அவள் கத்துவாள் என்று கும்சில் காத்திருந்தாள். சுல்லே கத்தவில்லை. மிளகாய்மேலேயே உட்கார்ந்து, நெடுநாள் அடக்கிவைத்திருந்த மூச்சை விட்டாள். அண்ணியின் முழங்காலைக் கட்டிக்கொண்டு விம்மினாள். அவளுக்கும் வசந்தத்திலிருந்தே தன் கைமேல் அந்தச் சந்தேகம் இருந்திருக்கிறது.

அன்றோடு சுல்லே திட்டுவதை நிறுத்திவிட்டாள். திட்டைத் தாங்கிய கும்சிலுக்கு இதைத்தான் தாங்க முடியவில்லை.